தண்ணிக்கு யாருங்க எம்.பி.?

திறப்பு விழாக் கல்வெட்டுத் தொழில்ல கல்லு ஒடஞ்சா வேற கல்லு வாங்கிக்கலாம், பேரு மாறிப்போச்சுன்னா ஊரைவிட்டு ஓடத்தான் வழி பாக்கணும்.

பெரம்பலூர்ல அரியலூர் ரோட்டுல என் கடை. பின்னாடி வூடு, முன்னாடி கடை. பஸ் நிழற்குடை, தண்ணித் தொட்டி, ரேஷன் கடைன்னு எதைத் திறந்தாலும் செவுத்துல ஒரு கறுப்புக் கல்லு பதிப்பாங்களே, 'இன்னாரது நிதியில் கட்டப்பட்டு இன்னாரால் திறந்து வைக்கப்பட்டது'ன்னு தங்கக் கலர்ல எழுத்து மின்னுமே, அதைச் செய்யறவன் நான்தான். எழுத்தைக் கம்ப்யூட்டர்ல அடிச்சு, ஸ்டிக்கரா வெட்டி, கல்லு மேல ஒட்டி, கம்ப்ரசர் வெச்சு மணலை அடிச்சா எழுத்து பள்ளமா எறங்கும். அதுல பெயிண்ட் பூசினா முடிஞ்சுது. கம்ப்யூட்டர் வேலைக்கு லெப்பைக்குடிகாட்டுலேர்ந்து ஷகிலான்னு ஒரு பொண்ணு வருது. என்னைவிட வெவரம், என்னைவிட வாயும் ஜாஸ்தி.

கல்லு கஷ்டமில்லீங்க, மணலும் கஷ்டமில்ல. எந்த ஊருக்கு எந்த எம்.பி., யாரு பேரு மேல, யாரு பேரு கீழ, இதுலதான் இருபது வருஷமா எனக்கு மண்டை காயுது. சிரிக்காதீங்க. உங்க வூட்டு வாசல்ல நின்னுக்கிட்டு உங்க எம்.எல்.ஏ. யாரு, மக்களவை எம்.பி. யாரு, மாநிலங்களவைன்னு ஒண்ணு இருக்கே அதுல யாருன்னு மூச்சு விடாம சொல்லுங்க பாப்போம். திணறுதுல்ல? நீங்களும் நம்ம கட்சிதான், உக்காருங்க.

செந்துறைக்காரர் கேட்ட கேள்வி

கடை செவுத்துல மூணு மேப்பு ஒட்டி வெச்சிருக்கேன். மாவட்டத்துக்கு ஒண்ணு, சட்டமன்றத் தொகுதிக்கு ஒண்ணு, நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒண்ணு. மூணுலயும் கோடு மூணு தினுசா ஓடும். பெரம்பலூர் டவுனுக்கு எம்.பி. தொகுதி பெரம்பலூரேதான், ஆனா அது கரூர் மாவட்டத்துக் குளித்தலை வரைக்கும் போவுது. இங்கேர்ந்து பஸ் ஏறிக் குன்னத்துல எறங்கினா மாவட்டம் அதே பெரம்பலூர்தான், எம்.பி. தொகுதி மட்டும் சிதம்பரம் ஆயிடும். அரியலூருக்கும் சிதம்பரந்தான். அந்தக் குன்னம் எம்.எல்.ஏ. தொகுதி சும்மா இருக்கா? கொஞ்சம் இந்த மாவட்டம், கொஞ்சம் அரியலூர் மாவட்டம்னு ரெண்டு பக்கமும் கால நீட்டிப் படுத்திருக்கு.

செந்துறையிலேர்ந்து ஒருத்தர் சமுதாயக் கூடத்துக்குக் கல்லு சொல்ல வந்தாரு. ஷகிலா மேப்பைப் பாத்து ஒவ்வொண்ணா வாசிச்சுது. "மாவட்டம் அரியலூர், சட்டமன்றத் தொகுதி குன்னம், நாடாளுமன்றத் தொகுதி சிதம்பரம், சரிங்களா?" மனுசன் மேப்புகிட்டப் போயி தெக்க ஒரு தடவ பாத்தாரு, மேக்க ஒரு தடவ பாத்தாரு, கெழக்க கடலோரம் வரைக்கும் வெரலை ஓட்டினாரு. அப்புறம் வந்து நாற்காலியில தொப்புனு உக்காந்து என்னைக் கேட்டாரு: "கலெக்டர் அரியலூரு, எம்.எல்.ஏ. குன்னம், எம்.பி. சிதம்பரம். அப்ப செந்துறையில யாருங்க இருக்கா, நான் மட்டுந்தானா?"

வளர்மதி மனு குடுத்த கதை

வளர்மதி ஜாக்கெட் தெக்கிறவ. நாப்பது வயசு இருக்கும். டவுனுக்குக் கெழக்க, ஒரு ஓடைக்கு அந்தாண்ட நாப்பது அம்பது வூடு இருக்குற ஊரு. புருஷன் கணேசனுக்கு ரெண்டு கிட்னியும் போயி, வாரத்துக்கு மூணு நாள் பெரம்பலூர் ஜி.ஹெச்.சுல டயாலிசிஸ். ஓடையில தண்ணி இல்லேன்னா ஆட்டோ எறங்கி ஏறிடும். மழை பேஞ்சா ஆட்டோவும் வராது, ஆம்புலன்சும் வராது. ஒரு நாள் தவறினாலே கணேசனுக்கு மூஞ்சி வீங்கி மூச்சு எளைக்கும். அதனால வளர்மதிக்கு ஒரு சின்னப் பாலம் வேணும். அவ கேட்டதெல்லாம் அது ஒண்ணுதான்.

என் கடைக்கு எதுக்கு வந்தாங்கிறீங்களா? "அண்ணே, பாலத்துக் கல்லுல எல்லாம் யாரு பேரு வெட்டுவீங்க?"ன்னா. எதுக்கும்மான்னேன். "அவங்ககிட்டதானே மனு குடுக்கணும்? ஆபீஸ் ஆபீஸாக் கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. தெனமும் பேரு வெட்டுறவரு நீங்க, உங்களுக்குத் தெரியாமயா?" என்னை இப்படி மதிச்சு யாரு கேட்டிருக்கா? நெஞ்சை நிமித்திக்கிட்டு, "சின்னப் பாலந்தானே, எம்.பி. நிதியில வரும், எம்.பி. ஆபீஸ்ல குடு"ன்னேன். எந்த எம்.பி.ன்னு அவ கேக்கல, நானும் சொல்லல. அங்கதான் வந்துச்சு வென.

மூணு வாரம் கழிச்சுத் திரும்பி வந்தா. ஓடைதான் தொகுதி எல்லையாம். அவ ஊரு இருக்குற கரை குன்னம், அதனால சிதம்பரம் எம்.பி. ரோடு இருக்குற கரை பெரம்பலூர், அதனால பெரம்பலூர் எம்.பி. ரெண்டு ஆபீஸ்லயும் உக்கார வெச்சு, டீ குடுத்து, மேப்பை விரிச்சுக் காட்டியிருக்காங்க. தொகுதிக்குன்னு வர்ற நிதி, கோட்டைத் தாண்டிப் பாதிப் பாலத்தை எப்படிக் கட்டும்னு அவங்க கேட்டதுல தப்பும் சொல்ல முடியல. வளர்மதி செவுத்து மேப்புல அந்த ஓடையைத் தேடிப் பாத்தா. அதுல கோடுதான் இருந்துச்சு, ஓடையே இல்ல. "இந்தக் கரைக்கு ஒருத்தரு, அந்தக் கரைக்கு ஒருத்தரு. தண்ணிக்கு யாருங்கண்ணே எம்.பி.?"ன்னா.

ஒட்டுக் கல்லு

வளர்மதிக்குப் புத்தி சொன்ன லட்சணத்துல நானே ஒரு தப்பு பண்ணி வெச்சேன். எங்க தொழில்ல ஒரு கெட்ட பழக்கம், புதுக் கல்லுக்குப் பழைய ஃபைலைத் திறந்து, ஊரை மட்டும் மாத்திட்டு மீதியை அப்படியே விட்டுடறது. ஷகிலா லீவு போட்ட அன்னிக்கு ஒரு நிழற்குடைக் கல்லை நானே அடிச்சேன். ஊரு பெரம்பலூர்ப் பக்கம், பேரு சிதம்பரத்து எம்.பி. பேரு. மணல் அடிச்சு, பெயிண்ட் பூசி, அழகாக் காய வெச்சிருக்கேன். மறுநாள் காலையில திறப்பு விழா, சாயங்காலம் யூனியன் ஆபீஸ் ஓவர்சியர் வந்து கல்லைப் பாத்துட்டு, தப்பான பேரு மேல வெரலை வெச்சாரு.

வேற கல்லு அறுக்க நேரமில்ல. மெல்லிசா ஒரு பட்டை அறுத்து, சரியான பேரை அதுல வெட்டி, தப்பான பேரு மேல ஒட்டினேன். தள்ளி நின்னு பாத்தா தெரியாது, தடவிப் பாத்தாத் தெரியும். திட்டப் போறாருன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறேன். ஓவர்சியர் நல்ல மனுசன், ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு, எதுக்கும் அலட்டிக்க மாட்டாரு. பட்டையைத் தடவிப் பாத்துட்டு என் தோள்ல தட்டினாரு. "விடுங்க. தொகுதியை மறுவரையறை பண்ணப் போறாங்கன்னு பேச்சு இருக்கு, இந்த ஊரு அந்தப் பக்கம் போனாலும் போவும். அடியில இருக்குற பேரு வீணாவாது."

முன்னாள் மேலவை வாக்காளர்

நல்லதம்பி வாத்தியாரு ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆச்சு. புது வூடு கட்டி, வாசலுக்குப் பேர்ப் பலகைக் கல்லு சொல்ல வந்தாரு. எழுதிக் குடுத்த சீட்டுல பேரு, எம்.ஏ., பி.எட்., அதுக்குக் கீழ 'முன்னாள் மேலவை வாக்காளர்'னு இருந்துச்சு. முன்னாள் தலைவர் பாத்திருக்கோம், முன்னாள் கவுன்சிலர் பாத்திருக்கோம், முன்னாள் வாக்காளர் எங்கியாவது உண்டா? ஷகிலாவுக்குச் சிரிப்பு அடக்க முடியல. வாத்தியாருக்குச் சுருக்குனு கோவம் வந்துருச்சு. "நம்ம மாநிலத்துல சட்ட மேலவை இருந்தப்ப எனக்குப் பட்டதாரித் தொகுதியில ஒரு ஓட்டு, ஆசிரியர் தொகுதியில ஒரு ஓட்டு. அவையைக் கலைச்சுட்டாங்க. ஆனா ஓட்டுப் போட்ட நான் கலையலையே!"ன்னாரு. ஷகிலா அந்த வரியையும் சேத்து அடிக்க ஆரம்பிச்சுது.

அன்னிக்கு வளர்மதியும் கடையில இருந்தா. ஜி.ஹெச்.சுல கணேசனைப் படுக்க வெச்சுட்டா நாலு மணி நேரம் சும்மா உக்காரணும், அதனால அப்பப்ப வந்து அந்த மேப்பையே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருப்பா. மேலவைன்னதும், "இப்ப அது எங்கயுமே இல்லீங்களா சார்?"ன்னு கேட்டா. டில்லியில இருக்குன்னாரு வாத்தியாரு. மாநிலங்களவை. அதுல இருக்குற எம்.பி.க்குத் தொகுதியே கிடையாது, மொத்த மாநிலத்துக்கும் அவரு எம்.பி., நிதியையும் மாநிலத்துல எந்த ஊருக்கும் தரலாம். வளர்மதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டா. "அப்ப அவருக்குக் கோடே இல்லியா?"

"இல்லம்மா. நீங்க அவருக்கு ஓட்டும் போட முடியாது. நீங்க எம்.எல்.ஏ.வுக்குப் போடுவீங்க, எம்.எல்.ஏ.ங்க எல்லாரும் சேந்து அவருக்குப் போடுவாங்க"ன்னாரு வாத்தியாரு. எனக்கு அதுக்கே தலை சுத்துச்சு. இருபது வருஷமா மாநிலங்களவை உறுப்பினர்னு கல்லுல வெட்டுறேன், அது ஏதோ பெரிய பட்டம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். வளர்மதி மட்டும் வெரலை மடக்கி மடக்கி யோசிச்சுட்டு எழுந்தா. "நாம ஓட்டுப் போட்டு எம்.எல்.ஏ.வைப் பெத்தோம், எம்.எல்.ஏ.ங்க ஓட்டுப் போட்டு அவரைப் பெத்தாங்க. அப்ப அவரு எனக்குப் பேரன் முறையாவுது. பேரங்கிட்டக் கேட்டா என்ன சார் தப்பு?"

லாரி டியூப்

பேரனுக்கு மனு போயிருச்சு. பதில் வரல, ஐப்பசி மழைதான் வந்துச்சு. ரோட்டோரத்துப் பள்ளிக்கூடத்துல ஒரு கல்லைப் பதிக்கப் போயிருந்தேன். ஓடைப் பக்கம் ஒரே சத்தம். ஓடிப்போயிப் பாத்தா, இந்தக் கரையில 108 வண்டி நிக்குது, அந்தக் கரையில கணேசன். செம்மண் தண்ணி கழுத்தளவு சுழிச்சுக்கிட்டு ஓடுது. ரெண்டு நாளா வர முடியாம மூஞ்சியெல்லாம் ஊதிப்போயி, படுத்தா மூச்சு முட்டுதுன்னு உக்காந்தே இருக்கான்.

அந்தக் கரை ஆளுங்க லாரி டியூப்புல பலகையைக் கட்டி, அதுல அவனைச் சாச்சு உக்கார வெச்சு, கயித்தை இந்தப் பக்கம் வீசினாங்க. நானும் புடிச்சு இழுத்தேன். பொய் சொல்ல மாட்டேன். மத்தவங்க இழுத்தாங்க, நான் கயித்தைப் புடிச்சுத் தொங்கினேன்னு வெச்சுக்குங்க. வளர்மதி ஆஸ்பத்திரி ஃபைலை பிளாஸ்டிக் கவர்ல சுத்தித் தலையில வெச்சு ஒரு கையால அழுத்திக்கிட்டு, மறு கையால டியூப்பைப் புடிச்சுக்கிட்டே தண்ணியில வரா. ஒரு எடத்துல டியூப்பு சுத்துச்சு பாருங்க, அவ போட்ட அலறல் இன்னும் என் காதுல இருக்கு. யாரோ இதையெல்லாம் செல்லுல போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அப்பக் கோவந்தான் வந்துச்சு. பின்னாடி அந்தப் போட்டோவைப் பேரனுக்குப் போன ரெண்டாவது மனுவோட சேத்து ஷகிலாதான் பிரிண்ட் போட்டுக் குடுத்துச்சு.

ஒரு வழியாக் கரையேத்தி ஸ்ட்ரெச்சர்ல படுக்க வெச்சோம். ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டப் போறாங்க. கணேசன் அதைக் கையால தள்ளிட்டு, மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்க, பொண்டாட்டியைப் பாத்துக் கேட்டான்: "வளரு, இப்ப நாம எந்த எம்.பி.கிட்ட இருக்கோம்?"

பாலத்தைவிடப் பெரிய கல்லு

பாலம் சாங்ஷன் ஆயிருச்சு. நெசமாத்தாங்க! மாநிலங்களவை எம்.பி. நிதியிலேர்ந்து கலெக்டர் ஆபீஸுக்கு லெட்டர் வந்து, ஓவர்சியர் தை மாசமே வந்து அளந்து, குழி தோண்டிட்டாரு. வளர்மதி கடைக்கு ஜாங்கிரி வாங்கிட்டு வந்தா. ஷகிலா, "அல்ஹம்துலில்லாஹ், பேரன் கைவிடலக்கா"ன்னுச்சு. நானும் ஜாங்கிரியைக் கடிச்சுக்கிட்டே சந்தோசமாக் கல்லு வேலையை ஆரம்பிச்சேன். அப்பதான் தெரிஞ்சுது என் தலையெழுத்து.

நிதி குடுத்தவரு பேரு ஒண்ணு. இந்தக் கரை எம்.பி. பேரு இல்லாம இருக்கலாமா? அந்தக் கரை எம்.பி.? ரெண்டு கரைக்கும் ரெண்டு எம்.எல்.ஏ.? கலெக்டரு? யாரும் வந்து மிரட்டல, யாரும் போன் பண்ணிக் கேக்கல, மொறைன்னு ஒண்ணு இருக்கே! ஒரு பேரு விட்டுப்போனா நாளைக்கு என் கடையில வந்துதானே நிப்பாங்க? எழுத்தைச் சின்னதாக்கினா படிக்க முடியல, பெருசாக்கினா கல்லு பத்தல. கடைசியில என்கிட்ட இருந்ததுலயே பெரிய கல்லை எடுத்தேன். ஆறு பேரையும் அதுல வெட்டி, நாலு ஆளு புடிச்சுத் தூக்கி, டாடா ஏஸ்ல ஏத்திக்கிட்டுப் போயி எறக்கினோம். பாலம் அஞ்சாறு எட்டுல முடிஞ்சுரும், அம்புட்டுதான். ஓவர்சியர் பாலத்தைப் பாத்தாரு, கல்லைப் பாத்தாரு, மறுபடியும் பாலத்தைப் பாத்தாரு. "மொதல்லயே இந்தக் கல்லைக் குறுக்கப் போட்டிருந்தா எனக்கு வேலையே மிச்சமாயிருக்குமே."

ரெண்டு வேட்டி

பாலம் முடியவும் எம்.எல்.ஏ. எலக்சன் தேதி வரவும் சரியா இருந்துச்சு. எலக்சன் வந்துட்டா ஆரம்பிச்ச வேலையை முடிக்கலாம், விழா வைக்கக் கூடாது, பேரு இருக்குற கல்லையெல்லாம் மூடிடணும். திறப்பு விழா இல்லாமலே ஜனங்க நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. கல்லை மூட ஓவர்சியர் ஒரு வேட்டி கொண்டாந்தாரு, பத்தல. என் வூட்டுலேர்ந்து இன்னொண்ணு கொண்டு போயிக் கட்டினேன். அவ்வளவு பாடுபட்டு ஏத்தின பேரையெல்லாம் நானே மூடிட்டு வந்தேன்.

ஓட்டுப் போடுற நாளுக்கு மொத நாளு கோடை மழை கொட்டித் தீத்துருச்சு. காலையில எந்திரிச்சதும் எனக்குக் கணேசன் நெனப்புதான், அன்னிக்கு அவனுக்கு டயாலிசிஸ் நாளு. ஓடையில தண்ணி எவ்வளவோ, பாலம் நின்னுச்சோ இல்லியோ, ஒண்ணும் தெரியல. நான் ஓட்டுப் போட்டுட்டு வந்து கடை வாசல்லயே நிக்கிறேன். மணி எட்டாச்சு. எட்டரை ஆச்சு. ஷகிலாவுக்குப் போன் போட்டு வளர்மதி நம்பர் இருக்கான்னு கேட்டுக்கிட்டு இருக்கும்போது ஆட்டோ ஒண்ணு வந்து நின்னுச்சு. உள்ள கணேசன் சட்டை நலுங்காம, தலையெல்லாம் சீவி, பவுடர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். "ஓடை எப்ப வந்துச்சு, எப்பப் போச்சுன்னே தெரியலண்ணே"ன்னு சிரிக்கிறான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. வேட்டி தலைப்பால தொடச்சுக்கிட்டேன்.

வளர்மதி எறங்கி வந்தா. வெரல்ல மை இன்னும் காயல. அவ சிரிக்கல, அழுவல, ரொம்பத் தீவிரமா எதையோ யோசிச்சுக்கிட்டே வந்தா. பேரு வெட்டுறவருக்குத் தெரியும்னு நம்பி மொத நாளு வந்து நின்னாளே, அதே எடத்துல வந்து நின்னா. மையையும் என்னையும் மாறி மாறிப் பாத்தா. "அண்ணே, நான் ஓட்டுப் போட்டவங்களுக்கு எனக்குப் பாலம் கட்ட வழியில்ல. பாலம் கட்டித் தந்தவருக்கு ஓட்டுப் போட எனக்கு வழியில்ல. பேரையெல்லாம் வேற நீங்க வேட்டியால மூடிட்டீங்க. இப்ப நான் யாருக்கு நன்றி சொல்றது, சொல்லுங்க?"

அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லல, ஏன்னா இருபது வருஷமா ஊரு பேரெல்லாம் வெட்டினதுல எனக்குச் சந்தேகமே இல்லாமத் தெரிஞ்ச ஒரே பேரு, கல்லோட கீழ் மூலையில சின்னதாப் போட்டுக்கிற என் கடைப் பேருதான்.